மகாவலி கடலில் சேரும் ஊரில் நாம் கற்ற பாடம்

(மூதூர்ப் பகுதிக்குச் சென்று திரும்பிய பின்னர், தோட்ட அனர்த்த முன்னாயத்தக் குழுக்களின் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்து முடிச்சு, தேத்தண்ணி கூடக் குடிக்காம நேரா இங்கே வந்திருக்கிறீங்க. வீட்டில் அடுப்பு பத்த வைக்கணும், பிள்ளைகளுக்குப் பாடம் பார்க்கணும். ஆகவே நீட்டி முழக்காமல், மூதூரில் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும், அதிலிருந்து நம்ம தோட்டத்துக்கு என்ன செய்யலாம் என்பதையும் மட்டும் சொல்லி முடிக்கிறோம்.

"மலைநாட்டில் இருக்கிற நமக்கும் கடற்கரை மூதூருக்கும் என்ன சம்பந்தம்? அங்கே கடல், இங்கே மலை. அவங்களுக்குச் சுனாமி, நமக்கு மண்சரிவு" என்று புறப்படும்போதே சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதற்கு மூதூரில் ஒரு வயதான மீனவர் பதில் சொன்னார். ஊரில் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுறாங்க. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "தம்பிமாரே, மலையில இருந்தா வாறீங்க? அங்க மழ பெஞ்சா இங்க எங்களுக்குத் தூக்கம் இல்ல."

நாங்கள் அசந்து போனோம். யோசித்துப் பார்த்தால் உண்மைதானே! நம்ம அட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து ஓடைகளெல்லாம் ஒன்று சேர்ந்துதான் மகாவலி கங்கை ஆகுது. 335 கிலோமீற்றர் ஓடி, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைத் தாண்டி, கடைசியில் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் சேருது. ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிஞ்சு போகுது. நம்ம தேயிலை மலையில் கான் நிறைந்து ஓடுற தண்ணி, சில நாளில் அவங்க வயலிலும் வாசலிலும் நிற்குது. தலைமாட்டில் நாம், கால்மாட்டில் அவங்க. ஒரே ஆற்றின் இரண்டு முனையில் வாழும் உறவுக்காரங்க நாம் என்று சொன்னால் தப்பில்லை.

மூதூர் பட்டது

அந்த ஊர் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஒரு சூறாவளி திருகோணமலைக்கு அருகே கரை ஏறியது. சரியாக நான்கு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது நம்ம நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர். அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! அந்த நேரத்தில் ஊரையே நடையாகக் கூட வெளியேற்றியிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு ஆள் இல்லை, சொல்லும் வழியும் இல்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூதூருக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் வைத்தியசாலையே அலையில் அழிந்தது.

அதன்பின் 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யுத்தம் ஊருக்குள் வந்தது. மூதூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போய் அகதிகளாகத் தங்கினாங்க. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் பெருவெள்ளம். கடைசியாக 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி. அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே நம்ம மலைநாட்டில், பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில், மலை சரிந்து ஆட்களை மூடியது. கீழே மகாவலி பெருகி மூதூர், வெருகல், சேருவில பக்கங்களை மூழ்கடித்தது. மாவிலாற்றுப் பக்கம் அணைக்கட்டு உடைந்து, அங்கே அகப்பட்டவர்களை விமானப்படை ஹெலிகொப்டரில் தூக்க வேண்டி வந்தது.

அந்த மக்களும் நாமும் ஒரே புயலில், ஒரே கிழமையில் அடிபட்டோம். அதனால்தான் அவங்களிடம் போய்ப் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

கதவுக்குப் பின்னால் தொங்கிய பை

மூதூரில் ஒரு தாயின் வீட்டுக்குப் போனோம். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ராத்தா என்று அழைக்கிறாங்க. தேத்தண்ணி கொண்டு வரப் போனபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தடித்த பிளாஸ்ரிக் பை தொங்குவதைக் கண்டோம். என்னவென்று கேட்டோம்.

"அதுதான் தம்பி எங்கட உசிர்" என்றார்.

சுனாமியில் அவரது வீட்டில் ஆட்கள் தப்பினார்கள். ஆனால் கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை, காணி உறுதி இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை. நிவாரணத்துக்குப் போனால் "நீங்க யார் என்று காட்டுங்க" என்று கேட்டார்களாம். ஒவ்வொரு கடதாசியையும் திரும்ப எடுக்க வருடக் கணக்கில் அலைந்தார். அன்றிலிருந்து எல்லாப் பத்திரங்களையும் ஒரு பையில் போட்டு, வாய் இறுகக் கட்டி, கதவுக்குப் பின்னால் தொங்க விட்டார். 2006இல் ஊரை விட்டுப் போகும்போது அந்தப் பையைத்தான் முதலில் எடுத்தார். 2025இல் தண்ணி முழங்கால் அளவு வந்தபோதும் அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது உங்களிடம் கேட்கிறோம். உங்க வீட்டில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கு? சேமலாப நிதிக் கடதாசி எங்கே? கிளினிக் கார்ட் எங்கே? சிலது பெட்டிக்குள், சிலது சாமிப் படத்துக்குப் பின்னால், சிலது அண்ணன் வீட்டில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில், மழையில் இதைத் தேட முடியுமா?

நம்ம சனங்களுக்குக் கடதாசியின் அருமை மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். பிரஜாவுரிமை இல்லாமல் இரண்டு மூன்று தலைமுறை பட்ட கஷ்டத்தை நம்ம பாட்டன் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பை. உர பேக்கின் உள்ளே வரும் தடித்த பிளாஸ்ரிக் உறையை நன்றாகக் கழுவிக் காய வைத்தாலே போதும். சல்லிக்காசு செலவில்லை. பத்திரங்களோடு ஒரு டோர்ச், நோயாளிக்கு ஒரு கிழமை மருந்து, கைக்குழந்தை இருந்தால் பால் மாவும் ஒரு போத்தல் தண்ணியும், பெண் பிள்ளைகளுக்குத் தேவையான துணி. இவ்வளவும் போதும். பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு ஓட முடியாத பை இருந்தும் பயனில்லை.

தெரிந்தவர்கள் தப்பினார்கள்

சுனாமி வந்த அதே நாளில் இந்தோனேசியாவின் சிமெலூ என்ற தீவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பூமி அதிர்ந்த இடத்துக்கு மிகக் கிட்டிய தீவு அது. அங்கே அலை வர அரை மணித்தியாலம் கூட எடுக்கவில்லை. ஏறத்தாழ 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. என்ன காரணம்? 1907ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய அலை வந்து பலர் இறந்திருந்தார்கள். அதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதுதான் அந்தக் கதை. சைரன் இல்லை, ரேடியோ இல்லை. பாட்டி சொன்ன கதை ஒரு தீவையே காப்பாற்றியது.

பங்களாதேஷிலும் ஒரு பாடம் இருக்கு. 1970ஆம் ஆண்டு வந்த புயலில் அங்கே குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். 1972இல் இருந்து கிராமத்துத் தொண்டர்களைச் சேர்த்து, கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லப் பழக்கினார்கள். 2020இல் அம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு போனார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். பெரிய பணக்கார நாடு இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினதுதான் வித்தியாசம்.

நம்ம நாட்டிலும் சுனாமிக்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாச்சு. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் கட்டினாங்க. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி மறுபடியும் சுமாத்திராப் பக்கம் பெரிய அதிர்வு வந்தபோது, கரையோர மக்களுக்கு நேரத்தோடு எச்சரிக்கை போனது. ஆட்கள் உள்ளே போனாங்க. அன்றைக்குப் பெரிய அலை வரவில்லை. "வராத அலைக்கு ஏன் ஓடினீங்க?" என்று மூதூர் காக்காவிடம் கேட்டோம். "ஓடினதால கால் தேயல்ல தம்பி" என்றார். இந்தப் பதிலைத்தான் நாம் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மீரியபெத்தையை மறக்கலாமா?

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. காலையிலேயே பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கைக்கும் லயத்துக் கதவுக்கும் இடையில் எங்கேயோ வழி அறுந்து போனது. மாற்று வீடு கிடைக்காததால், போக்கிடம் இல்லாமல் சனம் அங்கேயே இருந்தது. "போகச் சொன்னாங்க, போகல்ல" என்று தொழிலாளியைக் குறை சொல்வது சுலபம். எங்கே போவது என்று சொல்லாமல் போகச் சொன்னால் யார்தான் போவாங்க? பாதுகாப்பான காணியும் வீடும் கொடுக்க வேண்டியது பெரிய பொறுப்பில் உள்ளவர்களின் கடமை. அதை நாம் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது கிடைக்கும் வரைக்கும், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் நம்ம உயிரை நாமே காக்கிற ஏற்பாடும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கணும்.

ஒரு சாவியின் கதை

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நாங்கள் முன்னர் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது.

நாலு நாள் விடாத மழை. பின்னேரம் மண்சரிவு அறிவித்தல் வந்தது. தலைவர்மாரைக் கூப்பிட்டு, மேட்டு லயத்து ஆட்களைப் பாடசாலைக் கட்டிடத்துக்குப் போகச் சொன்னோம். நல்ல பிள்ளைகள் மாதிரி எல்லாரும் கேட்டாங்க. ராத்திரி பத்து மணிக்குப் பாயும் கம்பிளியும் கைக்குழந்தையுமாக நாற்பது ஐம்பது பேர் பாடசாலைக்குப் போனாங்க. கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம்? டவுனில் குடியிருந்த ஒருவரிடம். பாதையில் மரம் விழுந்து கிடக்குது, போன் வேலை செய்யல்ல. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாழ்வாரத்தில் சாரல் அடிக்க நின்றாங்க. ஒரு ஆச்சிக்குக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டே நின்றார். கடைசியில் இரண்டு குடும்பங்கள் "என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று திரும்ப லயத்துக்கே போய்விட்டன.

அன்றைக்கு மலை சரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடிந்ததும் இன்னொன்று நடந்தது. ராத்திரி முழுதும் நின்றவர்கள் பிரட்டுக்குப் பிந்தி வந்தார்கள். சிலருக்கு அரைப் பேர்தான் விழுந்தது. அதை நாங்கள் முன்கூட்டியே நிர்வாகத்திடம் பேசி வைக்கவில்லை. அந்த யோசனையே எங்களுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் அதே மாதிரி அறிவித்தல் வந்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். ஒரு அம்மா வாசலில் நின்று, "போன தடவை மாதிரி மழையில நிக்கவா ஐயா? நாளைக்குப் பேரும் போகும்" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பாதிப் பேர் வரவில்லை. அந்த ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மழை விட்டதுதான் நம்ம அதிர்ஷ்டம்.

ஒரு சாவி எங்கே இருக்கு என்று முன்கூட்டியே கேட்காததால் சனத்தின் நம்பிக்கையை இழந்தோம். அனர்த்த முன்னாயத்தம் என்றால் பெரிய இயந்திரம், பெரிய திட்டம் என்று நினைக்கிறோம். பல நேரம் அது ஒரு சாவி, ஒரு டோர்ச், ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான்.

மலை சொல்லும் அடையாளங்கள்

மண்சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. காது கொடுத்துக் கேட்க வேண்டும். கீழ்க்காணும் அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நிலத்திலோ, சுவரிலோ, தரையிலோ புதிதாக வெடிப்பு விழுவது. பழைய வெடிப்பு அகலமாவது. நேராக நின்ற மரமும் கரண்ட் கம்பமும் வேலிக் கம்பும் சாய்வது. கதவு ஜன்னல் திடீரென்று இறுகிப் பூட்ட முடியாமல் போவது. தண்ணி இல்லாத இடத்தில் புது ஊற்று வருவது, அல்லது எப்போதும் வருகிற ஊற்று திடீரென நிற்பது. தெளிந்த பீலித் தண்ணி சேறாக வருவது. மலைக்குள் இருந்து இரைச்சல் கேட்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கோ, தலைவருக்கோ, எங்களுக்கோ உடனே சொல்லுங்கள். இரைச்சல் கேட்டால், அல்லது மழை நேரத்தில் ஊற்று நின்றால், யாருக்கும் சொல்லிவிட்டுப் போகக் காத்திருக்காதீர்கள். சத்தம் போட்டுக்கொண்டே வெளியேறுங்கள். ஓடை வழியே கீழே ஓடக்கூடாது. மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். பக்கவாட்டில் விலகி உறுதியான இடத்துக்குப் போக வேண்டும்.

மழையை அளப்பதும் கஷ்டமான வேலை இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். அறிவித்தலின் நிறமும் மூன்றுதான்: மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு.

அளப்பதற்கு அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான தகர டின் ஒன்று போதும். மரமோ கூரையோ மறைக்காத வெளியில், சாயாமல் வையுங்கள். உள்ளே அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். பத்து சென்ரிமீற்றர் என்றால் 100. ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் பார்த்து, எழுதி, ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். பெருமழை நேரத்தில் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதைச் சந்தோஷமாகச் செய்யும். கொழும்பில் சொல்லும் மழை வேறு, நம்ம மலையில் பெய்யும் மழை வேறு. நம்ம டின் பொய் சொல்லாது.

இனி நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு டிவிசனுக்கும் ஐந்து வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, சாவி. தங்குவதற்கு ஒதுக்கிய கட்டிடத்தின் சாவி மூன்று பேரிடம் இருக்கணும். மூவரும் டிவிசனுக்குள் குடியிருப்பவர்களாக இருக்கணும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அந்தக் கட்டிடமே சரிவுக்குக் கீழே இல்லை என்பதையும் உரிய அதிகாரிகளைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பட்டியல். எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, கண் தெரியாதவர் இருக்கிறார் என்று எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் நேராக, யார் தூக்கப் போவது என்று இரண்டு பேரின் பெயரை எழுத வேண்டும். "யாராவது தூக்குவாங்க" என்றால் யாரும் தூக்க மாட்டாங்க.

மூன்றாவது, சத்தம். ராத்திரியில் கரண்ட் போகும், போன் போகும். டித்வா நேரத்தில் பாதைகளும் தொடர்புகளும் அறுந்து பல இடங்கள் நாட்கணக்கில் தனித்துக் கிடந்ததை நாம் பார்த்தோம். அந்தக் காலத்தில் நம்மைப் பிரட்டுக்கு எழுப்பத் தப்புதான் அடித்தார்கள். அதே தப்பை உயிர் காக்கவும் அடிக்கலாம். திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிக்கிற அடி வேறு, இதற்கு அடிக்கிற அடி வேறாக இருக்கணும். என்ன அடி என்று நம்ம தப்புக்கார அண்ணன்மாரே தீர்மானித்து, பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் அடித்துக் காட்டட்டும்.

நான்காவது, பேர். அறிவித்தலின்படி ராத்திரியில் வெளியேறியவர்களுக்கு அடுத்த நாள் பேர் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்துடன் இப்போதே பேசி, எழுத்தில் வாங்க வேண்டும். எங்கள் கோரிக்கைக் கடிதம் ஆயத்தமாக இருக்கு. தலைவர்மாரும் கையொப்பம் வைத்தால் பலம் கூடும். மழை தொடங்கிய பிறகு இதைப் பேச முடியாது.

ஐந்தாவது, பழக்கம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது, அதில் ஒரு தடவை இருட்டில், எல்லாரும் நடந்து பார்க்க வேண்டும். டிசம்பர் 26ஆம் திகதி தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். நல்லதுதான். அந்த மௌனம் முடிந்ததும், பாடசாலை வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்தால் செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை முழுமையாகும்.

இலக்கங்களை மனப்பாடம் செய்யுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119.

மழை விட்டதும் உடனே லயத்துக்குத் திரும்பக் கூடாது. ஊறிய மலை வெயில் அடித்த பிறகும் சரியும். அதிகாரிகள் பார்த்துச் சொன்ன பிறகே போகலாம். தண்ணியைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வெள்ளத் தண்ணியிலும் சேற்றிலும் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்டால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், வீட்டில் கிடக்காதீர்கள். நிவாரணப் பொருள் வந்தால் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். மூதூரில் எங்களிடம் பலரும் சொன்னது இதுதான்: பசியை விட, பக்கத்து வீட்டுக்குக் கிடைச்சு நமக்குக் கிடைக்கல்ல என்ற மனக்கசப்புத்தான் ஊரைப் பிரிக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் அந்த ஊரில் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இறுதியாக ஒரு சொல். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம்ம பெரியவர்கள் சொன்னாங்க. நாம் போடும் கான் சுத்தமாக இருந்தால், சரிவில் மரம் நின்றால், மண் கரைந்து ஆற்றில் சேராமல் இருந்தால், அதன் பலன் 335 கிலோமீற்றர் தாண்டி மூதூர் வரைக்கும் போகும். நாங்கள் புறப்படும்போது காக்கா சொன்னார்: "அடுத்த மழைக்கு அங்கயிருந்து ஒரு போன் போடுங்க தம்பி. ஆறு வாறதுக்கு முன்னம் உங்கட சொல் வரட்டும்." நாங்கள் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அந்தச் சொல்லை உங்களை நம்பித்தான் கொடுத்தோம். டின்னில் மழையை அளந்து எழுதப் போகும் பிள்ளையின் கையில் அந்த வாக்கு இருக்கு.

கூட்டம் கலையும் முன், சாவியை வைத்திருக்கப் போகும் மூன்று பேரின் பெயரையும் ஒவ்வொரு டிவிசனும் எங்களிடம் தந்துவிட்டுப் போங்கள். வேறு ஒன்றும் இன்றைக்குக் கேட்கவில்லை.